தனிநிலை

உபியில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடம், ஐந்தாம் மாடி.
இந்தப் பக்கம் ஏர்கான் பழுது பார்ப்பவர்கள்,
அந்தப் பக்கம் கேக் பெட்டி அச்சடிப்பவர்கள்,
நடுவில் மிஸ்டர் இயோவின் கடை.
துப்பாக்கிக் கடை என்று நம்பி ஏறினால் ஏமாறுவீர்கள்.
சுவரில் காலணி, கண்ணாடி, காதடைப்பான்.
மேசைமேல் ஒரு பட்டியல் புத்தகம்.
அவ்வளவுதான்.

படம் பார்த்தே பிடித்துப்போக வேண்டும்,
அந்தக் காலத்து வரன்போல.
இயோ பக்கம் புரட்டுகிறார்.
எடை தொள்ளாயிரத்து அறுபது கிராம்.
விசை இழுக்க ஐந்நூறு.
நிறம், குணம், குலம் எல்லாம் அச்சில் இருக்கிறது.
"மேடம், ஏற்கெனவே மூன்று இருக்கிறதே."
அவருக்கு விற்கவும் வேண்டும், கேட்கவும் வேண்டும்.

இருக்கிறது.
ஒன்றில் காற்று கசியும்.
ஒன்று நீலம், அழகுக்கு வாங்கியது,
எந்தப் போட்டியிலும் எட்டைத் தாண்டியதில்லை.
ஒன்று, பெர்த்துக்குக் குடிபோனவர்
பாதி விலைக்கு விட்டுப்போனது.
நாற்பதாவது பட்டுப்புடவை எடுப்பவளை
நாற்பதாவது எதற்கென்று யாராவது கேட்கிறார்களா?

வெள்ளைத் தாளில் என் வலக்கையை வைத்து
பென்சிலால் சுற்றி வரைந்தார், மரப்பிடி அளவுக்கு.
விரலிடுக்கில் கூசியது. சிரித்துவிட்டேன்.
சுண்டுவிரலருகே கோடு தடுமாறியது.
நான் பார்க்காத ஜெர்மனியை
என் உள்ளங்கை அன்றிரவே பார்த்துவிட்டது.

பிறகு படிவங்கள்.
'காரணம்' என்ற கட்டத்தில் 'விளையாட்டு' என்று எழுதினேன்.
ஆசை என்று எழுதினால்
கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

குணாளன் கணக்குப் போட்டார்: "மூணு பவுன்."
மூணு பவுனும் வங்கிப் பெட்டகத்தில்தானே தூங்குகிறது?
"அது கல்யாணத்துக்காவது வெளியே வரும்.
இது வீட்டு வாசலையே மிதிக்காதே."
மிதிக்காது. கழகத்தின் கம்பிக்கதவுக்குப் பின்னால்தான்
அதன் வாழ்க்கை முழுவதும்.
எதிர்வீட்டு ஆன்ட்டி லிம் அலமாரி திறந்து
எழுபது தேநீர்க் கெண்டிகளைக் காட்டுவார்.
நான் காட்ட முடிவது
துடைக்கும் துணி ஒன்று, திருகாணி டப்பா ஒன்று.

பதினொரு வாரம்.

சுவா சூ காங்கில் இறங்கி, பேருந்து மாறி,
கல்லறைகள் வருமுன் மணியை அழுத்தி.
ஹைருதீன் பெட்டியைத் திறந்து எண்ணை இருமுறை வாசித்தார்.
கையெழுத்து. இன்னொரு கையெழுத்து.
"முப்பத்தொன்றாம் தட்டு, கீழ்வரிசை. ஈரம் ஏறாது,"
என்றார், வாடகைக்கு அறை காட்டுபவர்போல.
பிடிக்குள் கை நுழைந்தது.
சுண்டுவிரலருகே மட்டும் கொஞ்சம் இறுக்கம்.
இயோ, உன் பென்சில்!

பத்து மீட்டர். மின்திரை வேண்டாம், காகிதம் போடுங்கள் என்றேன்.
மூச்சைப் பாதியில் நிறுத்தி
ஒன்று.
நெடுநேரம் கழித்து இரண்டு.
மூன்றாவதை நான் சுடவில்லை, அதுவே போயிற்று.

தாளை இழுத்துப் பார்த்தால்
மேலே ஒரு துளை, கீழே இரண்டு.

தொடக்கப்பள்ளியில் 'ஆயுத எழுத்து' என்று எழுதி
அரை மதிப்பெண் இழந்தவள் நான்.
சிவப்பு மையில் திருத்தியிருந்தார்கள்: ஆய்தம்.
உயிரோடு சேராது, மெய்யோடும் சேராது என்று
பத்துமுறை எழுதவைத்தார்கள்.
அந்த அரை மதிப்பெண் இப்போது கிடைத்ததுபோல் இருந்தது.
எட்டு, எட்டு, ஒன்பது. மட்டமான குறிதான்.

ஒன்பது மணிக்குத் திருப்பிக் கொடுத்தேன்.
பூட்டு இரண்டு முறை சொடுக்கியது.
காகிதத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்,
குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.

காலையில் துளைகளின் இடப்பக்கம் ஒரு எ,
வலப்பக்கம் ஒரு கு,
குணாளனின் கோணல் கையெழுத்து.
எஃகு.
அதற்குக் கீழே:
பால், முட்டை, சின்ன வெங்காயம் அரைக்கிலோ.
இன்றைக்கு மீன் வேண்டாம்.